பாதி விலை டிவியில் ஒரு கறை

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கு மேல் ஒரு ட்யூப் லைட். எதிரே உள்ள பலகையில் பாதிக்குக் கறுப்புத் துணி, பாதிக்கு வெள்ளைத் துணி. பாட்டிலைக் கறுப்புக்கு நேரே பிடித்தால் கீறலும் வெள்ளைத் தூசியும் தெரியும். வெள்ளைக்கு நேரே பிடித்தால் கறுப்புப் புள்ளி தெரியும். இரண்டிலும் தப்பித்த பாட்டில்தான் பெட்டிக்குள் போகும். பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு சீட்டுப் போடுவோம். அதில் பார்த்தவளுடைய நம்பர் இருக்கும். என் நம்பர் நாலு. பெட்டி திரும்பி வந்தால் யாருடைய கண் தவறியது என்று அந்தச் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நாலாம் நம்பர் சீட்டோடு இதுவரை ஒரு பெட்டியும் திரும்பி வந்ததில்லை. இதைக் கொஞ்சம் திமிரோடுதான் சொல்கிறேன்.

இந்தப் புத்தி மணி அடித்ததும் கம்பெனியிலேயே நின்றுவிடாது. கூடவே வண்டியேறி, சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடும். காய்கறி வண்டியில் மேலாக அடுக்கியிருக்கும் தக்காளியை நான் தொடவே மாட்டேன், அடியில் கைவிட்டு எடுப்பேன். தள்ளுபடி என்று எழுதியிருக்கும் கடையைப் பார்த்தால் எதைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்றுதான் முதலில் தோன்றும். யாராவது காரணமில்லாமல் அன்பாகப் பேசினால் என் கை தானாகவே பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் எடுத்துக்கொண்ட ஒரே சரக்கு தான்தான் என்று என் வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவர் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையை மணி தவறாமல் போடுவார், தனக்கென்று எதையும் கேட்க மாட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பது அவருடைய முறை. அது ஒன்றில்தான் அவருக்குக் கொஞ்சம் கர்வம். நல்ல குரல். மைக் முன்னால் அவர் வாயைத் திறந்தால் அழுகிற பிள்ளைகூட ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்க்கும். முப்பது வருஷமாக அந்த வாசக மேடையை விடாமல் பிடித்து வைத்திருந்தார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அறுபத்தைந்து இன்ச் டிவி வாங்கலாமா என்று கேட்டார்.

சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அறுபத்தைந்து இன்ச்சை மாட்டினால் நாங்கள் இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். இருக்கிற முப்பத்திரண்டு இன்ச்சுக்கு என்ன குறை என்று கேட்டேன். நியூஸில் கீழே ஓடுகிற எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். உழவர்கரைப் பக்கம் ஒரு கடையில் பழைய மாடல் ஒன்றைப் பாதி விலைக்குப் போட்டிருக்கிறார்கள், போன் விளம்பரத்தில் பார்த்தேன் என்றார். போனை என்னிடம் நீட்டியபோது அவர் கை கொஞ்சம் அவசரப்பட்டது. அதைக் கவனித்தேன். தவறான இடத்தில் குறித்து வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டில் பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா இருக்கிறார், அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் வீட்டுச் சுவரில் பாதியை ஒரு டிவி அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே போய்க் கால்பந்து பார்த்துவிட்டு வந்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு, கடையில் யாராவது பழைய மாணவன் வேலை பார்க்கிறானோ, அவனுக்கு உபகாரம் செய்யப் பார்க்கிறாரோ என்று தோன்றியது. அதற்குள் அவர் செய்தித்தாளை விரித்துச் சுவரில் அளவு பார்க்க ஆரம்பித்திருந்தார். நாற்காலியை வேறு டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். காது மந்தமாகிவிட்டது என்று முடிவு செய்து நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவர் ரிமோட்டை வாங்கிக் குறைத்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு விஷயம் இருந்தது. ஸ்கூட்டரை ஓட்டுவதை நிறுத்திவிட்டு முட்டி வலி என்று சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். வாசகத்தைப் புத்தகத்தில் பார்க்காமல், போனில் ஒருவர் வாசிப்பதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வயசாக ஆகப் பக்தி கூடுகிறது என்று அதற்கு ஒரு பெயர் வைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது. ஒரு பாட்டிலில் இத்தனை கோளாறு இருந்திருந்தால் நான் கையில் எடுத்த உடனேயே தூக்கிப் போட்டிருப்பேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து, அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வாங்குவதற்காகப் போகவில்லை. அந்த டிவியில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, இவர் வாயை அடைத்துவிட்டு வருவதற்காகப் போனேன்.

கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. மேடம், சார் என்று நிதானமாகப் பேசினார், தேவையில்லாமல் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்கிறவனைச் சமாளித்துவிடலாம். டிவி கடையின் உள்பக்கச் சுவரில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய மாடல், கடையில் காட்சிக்கு வைத்திருந்தது, புது மாடல் வருவதால் இதைக் கழிக்கிறோம் என்று அவரே சொன்னார். எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டேன். தினமும் ஓடியதுதான் என்றார். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து என்றேன். பில் போடும் தேதியிலிருந்து, ஒரு வருஷம், எழுதித் தருகிறேன் என்றார். ஏன் ஒன்றுதான் இருக்கிறது, மற்றதெல்லாம் திரும்பி வந்துவிட்டதா என்றேன். காட்சிக்கு ஒன்றுதான் வைப்போம் மேடம் என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது. பதில் தயாராக இருந்தால் கேள்வி ஏற்கெனவே வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

திரையில் மயிலும் அருவியுமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி படத்தைப் போட்டால் எந்தக் குப்பையும் அழகாகத்தான் தெரியும். முழுக் கறுப்பு போடுங்கள், பிறகு முழு வெள்ளை போடுங்கள் என்றேன். கடைக்காரர் என்னை முதல் முறையாக உற்றுப் பார்த்தார். இப்படிக் கேட்கிற ஆள் குறைவு என்றார். தன் போனிலிருந்து கறுப்பைத் திரைக்கு அனுப்பினார். கடையின் அந்த மூலை இருண்டது. நான் மூலைக்கு மூலை குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தேன். ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. அப்புறம் வெள்ளை. கண் கூசியது. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, பாட்டில் பார்க்கிற கணக்கில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அப்போதுதான் பின்னால் நின்ற என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"நடுவுல ஒரு கறை இருக்குதே."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்ததில் இந்த மனுஷனுக்கும் கண் வந்துவிட்டது என்று நினைத்தேன். அதுவும் வாங்க ஆசைப்பட்டவரே சொல்கிறார் என்றால் கறை நிஜம்தானே. திரும்ப நடுவில் பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தெரிந்தது. உள்ளங்கை அளவில், சாம்பல் பூத்த மாதிரி, லேசாக. சத்தியமாகப் பார்த்தேன். இருக்கும் என்று நம்பிப் போனவளுக்கு இருக்கத்தானே செய்யும்.

கடைக்காரர் துணியை எடுத்துத் துடைத்தார். தள்ளி நின்று பார்த்தார், பக்கத்தில் வந்து பார்த்தார். எதுவும் இல்லையே மேடம் என்றார். இரண்டு பேர் கண்ணுக்குத் தெரிவது உங்கள் ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று நான் ஆரம்பித்தேன். பக்கத்தில் புது டிவி வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை ஏற்றினேன்.

கடைக்காரர் மறுபடி போனைக் கையில் எடுத்தார். பக்கத்தில் இருந்த புது டிவிக்கு அந்த வெள்ளையை மாற்றினார். என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"இதுல தெரியுதா சார்?"

"இதுலயும் இருக்குது."

மூன்றாவதாக ஒரு சின்ன டிவியில் போட்டார். அதிலும் இருக்கிறது என்றார் இவர். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் திறந்துவிட்ட வாயை எப்படி மூடுவது? உங்கள் கடைச் சரக்கே இப்படித்தானா, ஒரு லாட் முழுக்க அடிபட்டதை வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். என்னைக் கொஞ்சம் தள்ளி வாசல் பக்கமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, டிவியை வுடுங்க. அண்ணனை நாளைக்கே கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எங்கம்மாவுக்கு இப்பிடித்தான் ஆச்சு."

அதுவரைக்கும் மேடமாக இருந்தவள் திடீரென்று அக்காவாகிவிட்டேன். சார் அண்ணனாகிவிட்டார். நடுவில் ஒரு அம்மாவும் வந்துவிட்டாள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் நான். சரக்கில் கோளாறு என்றால் பார்க்கிறவன் கண்ணில் கோளாறு என்று திருப்பிப் போடுவது எங்கள் கம்பெனிக்குப் பாட்டில் மூடி கொண்டுவந்து தருகிறவர்கள்கூடச் செய்கிற வேலைதான். உங்கள் வியாபாரத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, இவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது அவர் காலால் துழாவி இறங்கினார். எனக்கு முட்டி வலிதான் ஞாபகத்துக்கு வந்தது.

வண்டியில் வரும்போது கடைக்காரர் உன்னிடம் என்ன சொன்னார் என்று இவர் கேட்டார். நான் சொன்னேன். பெரிய எத்தன், அவனை நம்பினால் நாளைக்கு ஒரு கண் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவான், அங்கே அவனுக்குக் கமிஷன் இருக்கும் என்றேன். அடுத்த சிக்னலில் வண்டியை நிறுத்தினேன். அப்புறம், "அப்பிடியும் இருக்கும்" என்றார்.

கடைப் பதிவேட்டில் எங்கள் போன் நம்பரை எழுதி வாங்கியிருந்தார்கள். திங்கட்கிழமை அங்கிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை. புதன்கிழமை ஒரு செய்தி வந்தது. டிவியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அண்ணனுக்குக் கண் காட்டினீர்களா என்று மட்டும் கேட்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்துப் பலகை ஏழாம் நம்பர்காரியிடம் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். எப்படியெல்லாம் வலை போடுகிறார்கள் பார் என்றாள் அவள். டிவி விற்க வேண்டும் என்பவன் டிவியைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் பெரிய தந்திரம் என்று நான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவருடைய வாசக முறை. அந்த வாரம் முழுவதும் போனில் அதே வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. பூசைக்குப் பத்து நிமிஷம் முன்னால், பூசை வைக்கும் பங்குச் சாமியார் எங்களைக் கோவிலின் பக்க வாசலில் பார்த்தார். இன்றைக்கு விசேஷ ஞாயிறு, முதல் வாசகம் வேறு, புத்தகத்தில் ரிப்பன் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தை வாசித்துவிடுங்கள் என்றார். இவர் சரி சாமி என்றார். வாசகம் மாறினால் வழக்கமாக அவர் முன்கூட்டியே போய்ப் புத்தகத்தைத் திறந்து ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். அன்றைக்குப் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டிருந்தார்.

முறை வந்ததும் எழுந்து போனார். ரிப்பன் இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்தார். வலது கை ஆள்காட்டி விரலை முதல் வரிக்குக் கீழே வைத்தார். குரல் எழுந்தது. கோவில் அமைதியானது.

வாரம் முழுவதும் என் அடுப்படியில் கேட்ட அதே வாசகம்.

நான் தவறாகக் கேட்கிறேனோ என்று நினைத்தேன். இல்லை. வார்த்தைக்கு வார்த்தை அதுவேதான். சாமியார் தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கோவிலில் கொடுத்த வாசகத் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் சிலர் அதில் மேலும் கீழும் தேடினார்கள். அவர் நிறுத்தவில்லை. வரிக்கு வரி விரல் நகர்ந்துகொண்டிருந்தது. வேறு எதையோ சொல்கிற ஒரு பக்கத்தின் மேல், இடமிருந்து வலமாக, அழகாக, முப்பது வருஷப் பழக்கத்தில் விரல் நகர்ந்தது. அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. எத்தனை ஞாயிறாகத் தெரியவில்லை என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து எத்தனை ஞாயிறு அதைப் பாஸ் செய்திருக்கிறேன் என்பதும் தெரியாது.

பூசை முடிந்ததும் அவரை வண்டி நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. கோவில் தாளின் பின்பக்கம் வெறும் வெள்ளை. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இதுல கறை இருக்கா?"

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். இருக்கிறது என்றார். எங்கே என்றேன். நடுவில் என்றார். தாளை நகர்த்தினேன். இப்போது எங்கே என்றேன்.

"எங்க பாத்தாலும் நடுவுலதான்."

கடையில் மூன்றாவது டிவியைப் பார்த்தபோதே தனக்குப் புரிந்துவிட்டது என்றார். அதற்கு முன்னால் எழுத்து மங்குவதைக் கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். சொன்னால் வாசகத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். பெரிய டிவி இருந்தால் போனில் இருக்கும் வாசகத்தைச் சுவர் அளவுக்குப் போட்டுப் படித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கால்பந்தும் இல்லை, பழைய மாணவனும் இல்லை. ஒரு பக்கத்தைப் படிக்கத்தான் அந்த மனுஷன் அறுபத்தைந்து இன்ச் கேட்டார்.

கடையிலேயே தெரிந்துவிட்டது என்றால் வீட்டுக்கு வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். நான் அழுதுகொண்டுதான் கத்தினேன். அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்தார்.

"அந்த ஆளு ஏமாத்துறான்னு நீ சொன்ன. நீ சொன்னா தப்பா இருக்காதே, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கிட்டேன்."

என் சந்தேகத்தை நம்பி ஒரு மனுஷன் தைரியமாக இருந்திருக்கிறார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, கருவி கருவியாகப் பார்த்தார்கள். டாக்டர் அம்மா சின்ன வயதுதான், ஆனால் நிதானமாக விளக்கினார். சர்க்கரையால் இடது கண் எப்போதோ மங்கிவிட்டது. இத்தனை நாள் வலது கண்ணை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறார். இப்போது வலது கண்ணிலும், பார்வை குவிகிற நடு இடத்தில் ரத்தம் கசிந்திருக்கிறது. ஊசி போட வேண்டும், மாதாமாதம் வர வேண்டும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, கறை முதன்முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டார்.

"நேத்துதாம்மா" என்றார் என் வீட்டுக்காரர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவர் முகம் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காப்பாற்றுவதற்கான பொய் அது. அதைப் பிடிப்பதற்கு ட்யூப் லைட்டெல்லாம் தேவையில்லை.

"இல்லீங்க டாக்டர். ஒம்போது நாளாச்சு. ஒருத்தர் அன்னிக்கே கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. நான்தான் நம்பல."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்பது நாள் என்று எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வந்த பெட்டிக்குள் என் சீட்டை நானே எடுத்துப் படித்த மாதிரி இருந்தது.

இரண்டாவது ஊசி போட்ட வாரம் நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டிவியைப் பற்றிப் பேசவில்லை, அண்ணன் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார். சொன்னேன். அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அதட்டுகிற மாதிரிதான் வந்தது. அவர் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ரொம்ப லேட்டாகக் கூட்டிப் போனோம் அக்கா என்றார்.

அந்த டிவி அதே சுவரில் இருந்தது. இத்தனை நாள் விற்காமல் ஏன் இருக்கிறது, பாதி விலைக்கும் ஒருவரும் எடுக்கவில்லை என்றால் என்ன காரணம் என்று மனசு உள்ளே அரிக்க ஆரம்பித்தது. வாயை மூடிக்கொண்டேன். கறுப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம், பில் போடுங்கள் என்றேன். அவர்தான் விடாமல் இரண்டையும் போட்டுக் காட்டிவிட்டுப் பேக் செய்தார்.

இப்போது அது எங்கள் கூடத்தில் இருக்கிறது. கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்தா வந்து பார்த்துவிட்டுத் தன்னுடையதைவிட இது பெரிதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு போனார். சாமியாரிடம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரே போய்ச் சொல்லிவிட்டார். வாசகத்தை யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. வீட்டில் படித்துவிட்டு வந்து மனப்பாடமாகவே சொல்லுங்கள், வாசகம் மாறினால் நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கு நடந்தது என் தப்பு என்றாராம் சாமியார். சனிக்கிழமைகளில் சுவர் நிறைய எழுத்து நிற்கிறது. ஒரு வரியில் நாலு வார்த்தை. இவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து, கறைக்கு ஓரமாகப் பார்வையைக் கொண்டுபோய்ப் படிக்கிறார்.

மாதாமாதம் ஊசிக்கு முந்தின நாள் நான் ஒரு வேலை செய்கிறேன். போனிலிருந்து முழு வெள்ளையைத் திரைக்கு அனுப்புகிறேன். அவர் நாற்காலியை எப்போதும் போடுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, கறை எவ்வளவு பெரிது என்று விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டுவார். முதல் மாதம் உள்ளங்கை. அடுத்த மாதம் முறுக்கு. இன்றைக்குப் பார்த்தபோது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சின்னதாக ஒரு வட்டம் பிடித்தார்.

"பத்து ரூபா காசு இருக்கும். அவ்ளோதான்."

நான் திரையைப் பார்க்கவில்லை. அங்கே எனக்குத் தெரிவதற்கு எதுவும் இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கூசுகிற வெளிச்சத்தில் அது சாதாரணமாக இருந்தது. எழுத்துத் தெரியாத பக்கத்தின் மேல் விரலை ஓட்டியபோதும் அந்த முகம் இதே மாதிரிதான் இருந்தது. என்னைக் காப்பாற்ற டாக்டரிடம் பொய் சொன்னபோதும் இதே முகம்தான். நிஜமாகவா என்று கேட்டேன். நிஜமாகத்தான் என்றார். நாளைக்கு ஆஸ்பத்திரியில் கருவி ஏதாவது சொல்லும். அதற்கு முன்னால் இந்தக் கூடத்தில், அவர் கண்ணுக்குள் இருப்பதை எந்த வெளிச்சத்தில் பிடித்தும் என்னால் பார்க்க முடியாது.

எழுந்துபோய் நாள்காட்டியில் இன்றைய தேதிக்குக் கீழே பத்து ரூபாய்க் காசு என்று எழுதினேன். பக்கத்தில் நாலு என்று போட்டேன். நான் பார்க்காத ஒன்றுக்கு என் நம்பரைப் போட்டது இதுதான் முதல் தடவை.